படம் எடுக்கப் போனால் இசை காதில் ஏறவில்லை, என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: பயணம் பிடிக்கும், ஜாஸ் பிடிக்கும், ஒன்றரை வருடமாக ஒரு கேமராவும் கையில் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஜாஸ் எங்கே வாசிக்கிறார்கள் என்று தேடிப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் முந்நூறு படம் இருக்கிறது. பாதி கலங்கல், மீதி இருட்டு. அன்று என்ன வாசித்தார்கள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. 'வேறு கேமரா வாங்கலாமா, இல்லை மூன்றில் ஒன்றை விட்டுவிடலாமா' என்று முடித்திருக்கிறீர்கள். கேமரா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அது சுலபம். படம் எடுக்கப் போய் இசையைக் கோட்டைவிடுகிறோமோ என்ற உறுத்தல்தான் நீங்கள் எழுதியது முழுக்கத் தெரிகிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. புகைப்படம் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக, விடுமுறை கிடைத்தால் கேமராவோடு கிளம்பிவிடுவேன். அதில் பெரும்பகுதி சின்னச் சின்ன ஜாஸ் மேடைகளுக்கு முன்னால் கழிந்திருக்கிறது. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆகவே வெளிச்சம், லென்ஸ் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். இசை பற்றிச் சொல்வது நிறையக் கேட்ட ஒரு ரசிகனின் காதிலிருந்து வருவது.

முதலில், உங்கள் உறுத்தல் வீண் பயம் அல்ல. லிண்டா ஹெங்கல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போன மாணவர்களிடம் சில பொருட்களைப் படம் எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொல்லியிருந்தார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்தவற்றைவிட வெறும் கண்ணால் பார்த்தவையே நன்றாக நினைவில் இருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. 2017ல் அலிக்ஸாண்ட்ரா பராஷும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. தாங்களே விரும்பிப் படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாக நினைவில் நின்றது; காதால் கேட்டது குறைந்துபோனது. அங்கே காதில் விழுந்தது ஒலி வழிகாட்டியின் பேச்சு, இசை அல்ல. அதனால் இது ஜாஸ் கிளப்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அனுபவித்ததும் இதேதான். கண் முழுவேகத்தில் வேலை செய்யும்போது காது ஒதுங்கிக்கொள்கிறது.

இதற்கு நான் கண்டுகொண்ட வழி, எப்போது பொத்தானை அழுத்துவது என்ற முடிவைக் காதிடம் விட்டுவிடுவது. ஜாஸில் இது சாத்தியம், ஏனென்றால் அதற்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. வழக்கமான ஒரு ஜாஸ் உருப்படியில் முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அதை 'ஹெட்' என்பார்கள். பிறகு அதே சுருதிக் கோவைகள் சுற்றிச் சுற்றி வர, ஒவ்வொருவராகத் தங்கள் கற்பனையை வாசிப்பார்கள், அதுதான் 'சோலோ'. கடைசியில் மறுபடி ஹெட். ஒரு சுற்று என்பது ப்ளூஸ் வகையில் பெரும்பாலும் 12 பார் (பார் என்பது ஒரு தாள அளவு), பல பழைய பாடல்களில் 32 பார். ஒரு பாருக்கு நான்கு தாள அடி, நிமிடத்துக்கு 120 அடி என்ற நடுத்தர வேகம் என்று வைத்துக்கொண்டால், 12 பார் சுற்று 24 நொடியில் முடியும். 32 பார் சுற்றுக்கு ஒரு நிமிடமும் நான்கு நொடியும் ஆகும். உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆவர்த்தனம் கேட்டால் உடம்பே பிடித்துக்கொள்ளும், சுற்று எங்கே முடிகிறது என்று கால் தானாகத் தட்டும்.

அது பிடிபட்ட பிறகு மேடை வேறு மாதிரி தெரியும். சாக்ஸபோன்காரர் சோலோவின் கடைசிச் சுற்றில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போவார். அப்போது எல்லோரும் படம் எடுப்பார்கள்: கன்னம் உப்பி, கண் மூடி, நூறு முறை பார்த்த படம். நான் அப்போது எடுப்பதில்லை. சுற்று முடிந்ததும் வாத்தியத்திலிருந்து வாயை எடுப்பார், ஒரு மூச்சு விடுவார், அரை அடி பின்னால் நகர்ந்து அடுத்து வாசிக்கப் போகிறவரைப் பார்ப்பார். இரண்டு நொடிதான் இருக்கும். அந்த முகத்தில் இருப்பது எந்த உச்சஸ்தாயியிலும் கிடைக்காது. அப்புறம், டிரம்ஸ் வாசிப்பவரும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும் கட்டம் ஒன்று வரும். அதே வேகத்தில் ஒவ்வொரு முறையும் எட்டு நொடி. அதுவரை தட்டுகளின் பின்னால் மறைந்திருந்த டிரம்மர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி மற்றவர்களைப் பார்ப்பார், சிரிப்பார். இன்னொன்று: தலைவர் சில சமயம் கையால் தன் உச்சந்தலையைத் தட்டுவார். ஹெட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று குழுவுக்குச் சொல்லும் சைகை அது. அதைப் பார்த்தால் பாட்டு முடியப் போகிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாமே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிகிறவை. கேட்காமல் தொடர்ந்து சுட்டுத் தள்ளினால் முந்நூறு படத்தில் இந்த இரண்டு நொடி சிக்காமல் போக நல்ல வாய்ப்பு உண்டு.

இதை நான் ஒரு இரவில் கற்றுக்கொண்டேன். பயணத்தில் போன ஊர், இருபது நாற்காலி கொள்ளும் அறை, முதல் வரிசையில் நான். மெதுவான ஒரு பாட்டில் மற்ற எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், டபுள் பேஸ் மட்டும் தனியாக வாசித்தது. பியானோக்காரர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு படம் எடுத்தேன். ஷட்டர் 'டக்' என்றது, அந்த அமைதியில் கதவைச் சாத்தியது போல. மேடையில் யாரும் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி ஒன்றும் சொல்லாமல் தன் கையை என் மணிக்கட்டின்மேல் வைத்தார், அந்த சோலோ முடியும்வரை எடுக்கவில்லை. கேமராவைத் தூக்க முடியாததால் கேட்டேன். விரல் தந்தியில் வழுக்கும் சத்தம், பேஸ்காரர் தானும் தாழ்ந்த குரலில் கூடவே முனகுவது, ஒரே ஒரு சுரத்தை விட்டுவிட்டு அது தேயும்வரை காத்திருந்தது எல்லாம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. முடிந்ததும் அந்தப் பெண்மணி கையை எடுத்தார். பேஸ்காரர் வாத்தியத்தின் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அதை ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கும் ஒரே படம் அது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரும்பாலான கிளப்புகளில் இடைவேளை விட்டு இரண்டு பகுதியாக வாசிப்பார்கள். முதல் பகுதி முடியும்வரை கேமரா பைக்குள்தான். யார் எப்படி அசைகிறார், வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கேட்டுக்கொண்டே கவனிப்பேன். இரண்டாம் பகுதியில் 36 படத்துக்குமேல் எடுப்பதில்லை, ஒரு ஃபிலிம் ரோல் கணக்கு. பயணத்தில் அந்த ஊரில் ஒரே ஒரு இரவுதான் என்றாலும் இப்படித்தான்.

குறைவாக எடுத்தால் நல்லது கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தால் வில்லியம் காட்லிப்பின் படங்களைப் பாருங்கள். 1938 முதல் 1948 வரை பத்து வருடம் ஜாஸ் கலைஞர்களை எடுத்தவர். அவர் வேலை எழுதுவது. பத்திரிகை அவர் எழுதிய பத்திக்குப் புகைப்படக்காரரை அனுப்பச் சம்மதிக்காததால் தானே கேமராவை எடுத்தார். ஃபிலிமும் ஃபிளாஷ் பல்பும் விலை அதிகம், ஆகவே ஓர் இரவில் மூன்று நான்கு படம்தான். பாட்டை நன்றாகத் தெரிந்துகொண்டு எந்த இடத்தில் எடுப்பது என்று காத்திருந்திருக்கிறார். அவர் எடுத்ததில் ஏறக்குறைய 1,600 படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 2010 முதல் பொதுச் சொத்து, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பில்லி ஹாலிடே பாடும் படத்தில் குரல் கேட்பது போலவே இருக்கும்.

மூன்றும் ஒன்றாகப் போகுமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள வலுவான சாட்சி மில்ட் ஹிண்டன். அவர் பேஸ் வாசித்தவர், கேப் காலோவேயின் குழுவில் பதினைந்து வருடம் ஊர் ஊராகப் போனவர். 1935ல், 25வது பிறந்தநாளுக்கு ஒரு நண்பர் கேமரா பரிசளித்தார். ரயிலில் தூங்கும் சக கலைஞர்கள், ஒப்பனை அறை, கறுப்பர்களுக்குத் தனி வழி என்று எழுதிய தெற்கு மாநிலப் பலகைகள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தார். சுமார் 60,000 நெகட்டிவ். 1958 ஆகஸ்ட் 12 காலை, நியூயார்க்கின் ஹார்லெமில் 57 கலைஞர்களை ஒரே வீட்டு வாசலில் நிற்கவைத்து ஆர்ட் கேன் எடுத்த புகழ்பெற்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் ஹிண்டனும் நிற்கிறார். ஆனால் கையில் தன் கேமராவையும் கொண்டுபோயிருந்தார், மனைவி மோனாவிடம் ஒரு 8 மிமீ சினிமா கேமரா. எல்லோரும் வரிசையில் நிற்பதற்கு முன்னும் பின்னும், கட்டிப்பிடித்து அரட்டை அடித்தது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவது பெருமளவுக்கு இவர்கள் எடுத்ததால்தான். பொழுதுபோக்காக எடுத்தவர், அந்த இசைக்குள்ளேயே இருந்தவர். அந்த நெருக்கம் அவர் படங்களில் தெரிகிறது.

சரி, இப்போது கேமரா. நீங்கள் வைத்திருப்பது கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6க்குமேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது). 50 அல்லது 35 மிமீ, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/15 நொடியில் கலங்கிய படத்தை 1/150ல் எடுக்கலாம். கேமராவை மாற்றத் தேவையில்லை, லென்ஸ் போதும். பாடகருக்கும் பியானோவுக்கும் 1/125, டிரம்ஸுக்கு 1/250 என்று ஆரம்பியுங்கள், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200 அல்லது 6400 வரை கொண்டு போகத் தயங்காதீர்கள். படத்தில் மணல் போலத் தெரியும் இரைச்சலைப் பிறகு குறைக்கலாம். அசைவில் கலங்கியதைத் திருத்த முடியாது. வெளிச்ச அளவைக் கேமராவிடம் விடாமல் மேனுவலில் வையுங்கள். சுற்றிலும் கறுப்பு இருப்பதால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்கவைத்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உங்கள் கேமராவில் இருந்தால் அமைதியான பாட்டுக்கு அது வரம். ஆனால் எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் சில இடங்களில் படத்தில் குறுக்கே பட்டை விழும். பயணம் செய்பவருக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60, ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 50 ஹெர்ட்ஸ் ஊரில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/125 வைத்தால் பட்டை பெரும்பாலும் குறையும். எல்லா விளக்குக்கும் இது வேலை செய்யாது. சில எல்இடி வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே சாதாரண ஷட்டருக்கு மாறி, சத்தமான இடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சிவப்பு விளக்கு மட்டும் எரியும் மேடையில் முகம் தட்டையான சிவப்புத் திட்டாக வரும். அதற்குக் கறுப்பு வெள்ளைதான் மருந்து.

'இருட்டு' என்று நீங்கள் குறையாகச் சொன்னதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராய் டிகராவா என்ற புகைப்படக்காரர் ஃபிளாஷ் இல்லாமல், இருந்த வெளிச்சத்திலேயே ஜாஸ் கலைஞர்களை எடுத்தார். அவர் அச்சிட்ட படங்களில் பாதிக்கு மேல் கரிய நிழல், அதற்குள் ஒரு நெற்றியோ விரலோ மட்டும் மெல்லத் தெரியும். அந்த அறைகள் இருட்டாகத்தானே இருந்தன? முகத்தில் விவரம் இருந்தால் மற்ற இடம் கறுப்பாக இருக்கட்டும். எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி வெளிச்சமாக்கிவிட்டால் அந்த இரவு போய்விடும்.

பயணத்துக்கு வருகிறேன். ஜாஸ் படம் என்றாலே இரவு, கிளப், மேடை என்று இருக்க வேண்டியதில்லை. 1960ல் வில்லியம் கிளாக்ஸ்டன் என்ற புகைப்படக்காரர், ஜெர்மானிய ஜாஸ் எழுத்தாளர் யோவாகிம்-எர்ன்ஸ்ட் பெரெண்ட்டோடு காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். தெரு, தேவாலயம், சவ ஊர்வலம் என்று இசை பிறக்கும் இடங்களை எல்லாம் எடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் இன்றும் வருடத்தின் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் செகண்ட் லைன் ஊர்வலம் உண்டு: முன்னால் பித்தளை வாத்தியக் குழு, பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஜனம். அந்த ஜனத்துக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். பகல் வெளிச்சம் என்பதால் உங்கள் ஜூம் லென்ஸே போதும். நியூபோர்ட் (1954ல் தொடங்கியது), மான்ட்ரியல் (1980) போன்ற விழாக்களில் திறந்தவெளி மேடைகள் உண்டு. ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா என்று காபிக் கடைகள் இருக்கின்றன; அங்கே கலைஞர் யாரும் வாசிப்பதில்லை, பெரிய ஸ்பீக்கரில் இசைத்தட்டு ஓடும், இப்போது ஓடும் தட்டின் உறையை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள். சில கடைகளில் பேசுவதே கூடாது. அங்கே நான் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் கண்ணால் அனுமதி கேட்பேன், இரண்டு படம் எடுப்பேன், உள்ளே வைத்துவிடுவேன். எந்த ஊரிலும் வாசலிலேயே படம் எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். சில கிளப்புகளில் வாசிக்கும்போது எடுக்கவே கூடாது. அங்கே இடைவேளையில் ஸ்டாண்டில் சாய்த்து வைத்த ட்ரம்பெட்டும், கசங்கிய இசைக் குறிப்புத் தாளும் கிடைக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். விமானத்தில் கூடுதல் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

படங்களை இரண்டு இடத்திலாவது வைத்திருங்கள். சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனின் புகை சுழலும் படத்தை 1948ல் எடுத்த ஹெர்மன் லியோனார்ட், 2005ல் காட்ரினா புயல் வெள்ளத்தில் ஏறக்குறைய 8,000 அச்சுகளை இழந்தார். நெகட்டிவ்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் நமக்கு அந்தப் படங்கள் மிஞ்சின. ஊர் திரும்பியதும் உடனே உட்கார்ந்து தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு அன்று வாசித்தவர்களின் ஒலிப்பதிவு கிடைத்தால் அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அன்று பாட்டின் பெயரைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தால் அதே பாட்டை வேறு யாராவது வாசித்திருந்தாலும் போதும். எந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்பது கேட்கக் கேட்கத் திரும்பி வரும்.

இப்போது இருக்கும் அந்த முந்நூறையும் அழித்துவிடாதீர்கள். கலங்கல் படங்களைத் தனியே எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடை, மைக், சுவர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. மைக் துல்லியமாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னால் உள்ள சுவர் துல்லியம், ஆள் மங்கல் என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எந்த வகை அதிகம் என்று எண்ணிச் சொல்லுங்கள், அதை வைத்து அடுத்த பயணத்துக்கு முன் எதைப் பழக வேண்டும் என்று எழுதுகிறேன்.